எனக்கென்று ஒரு ஈரத்துணி முடிச்சு

எனக்கு வெண்டைக்காய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வெண்டைக்காயால் ஒரு தெரு முழுவதும் என்னோடு பேச்சை நிறுத்தியது என்று சொன்னால், இவள் சாப்பாட்டு ராமி போலிருக்கிறது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

எழுபதுகளின் நடுவில் புதுப்பட்டினத்துப் பக்கம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அணுமின் நிலையத்தை அப்போது கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். என் கணவருக்கு அதில் மின்சாரப் பிரிவில் வேலை, ஷிப்ட் முறையில். காலையில் போனால் சாயங்காலம், சாயங்காலம் போனால் விடியற்காலை. வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். நல்ல மனிதர். பேச்சுதான் கிடையாது. உப்பு போதுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். போதும் என்று ஆட்டினாரா போதாது என்று ஆட்டினாரா என்பதை நானே ருசி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரிசை வரிசையாக ஒரே மஞ்சள் நிற வீடுகள். புதிதில் இரண்டு தடவை அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் மலையாளம், இந்தப் பக்கம் தெலுங்கு, பின்னால் இந்தி. எதிர்வீட்டில் ஒரு கோயம்புத்தூர் அம்மாள். அவர் ஒருவர்தான் தமிழ், ஆனால் மூன்று பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதற்கே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. நானோ தஞ்சாவூர்ப் பக்கம். வாசலில் நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகும் ஊர். இங்கே மத்தியானம் முழுக்கச் சவுக்குத் தோப்பில் காற்று அடிக்கும் சத்தம்தான். சில நாள் என் குரலை நானே கேட்பதற்காகச் சமையலறையில் நின்று, "அடுப்பை அணைச்சாச்சா? அணைச்சாச்சு" என்று சொல்லிக்கொள்வேன். பைத்தியம் பிடிக்காததுதான் பாக்கி.

வந்த முதல் வருடமே ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, ஐந்தாம் மாதம் போய்விட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "சில சமயம் அப்படித்தான். காரணம்னு ஒண்ணும் இல்லை" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. காரணம் இல்லாமல் ஒரு பிள்ளை போகுமா? வீட்டுக்கு வந்து நான்கு சுவருக்குள் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். தேடுகிறவளுக்குக் கிடைக்காமல் போகுமா, கிடைத்தது.

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பெண்கள் குடிப்பது எண்டிரின். வயலுக்கு அடிக்க வாங்கி வைத்திருக்கும் பூச்சி மருந்து. எங்கள் பின் தெருவில் ஒருத்தி குடித்தாள். கட்டை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள், வண்டி போன பிறகும் அந்த வாடை தெருவில் நின்றது. ஒரு நாள் இங்கே சந்தையில் வாங்கிய கத்திரிக்காயை முகர்ந்தேன். அதே வாடை. இருந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, இன்றைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பையோடு குப்பையில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்து அழுதேன்.

அன்றைக்கு என் கணவர் அதிசயமாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "பக்கத்துல அணு உலை கட்டுறோம், அதுக்குப் பயப்படல. கத்திரிக்காய்க்குப் பயப்படுறியே." சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அணு உலையையா நான் குழம்பு வைக்கிறேன் என்று மூடிய கதவைப் பார்த்துக் கேட்டேன்.

அதிலிருந்து வெறும் பருப்பும் அப்பளமுமாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் வந்தாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்குவாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். கறுத்து, நெடுநெடுவென்று, வெற்றிலை போட்ட வாயுமாக நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"எரு போட்டது, மருந்து அடிக்காதது! வெண்டிக்கா, கத்திரிக்கா, கீர! வாங்குறவங்க வாங்குங்க, மத்தவங்க பாத்துக்கினு நில்லுங்க!"

கோயம்புத்தூர் அம்மாள்தான் முதலில் இறங்கினார். "ஏனுங்க, மருந்து அடிக்கலேன்னு நாங்க எப்படிங்க நம்பறது?"

அவள் கூடையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து, காம்பை ஒடித்து எறிந்துவிட்டு, பச்சையாகக் கடித்து மென்று விழுங்கினாள். வாயைத் திறந்தும் காட்டினாள். "துன்ட்டேன். நாளிக்கி காலீல நான் வர்லின்னா மருந்து அடிச்சதுன்னு அர்த்தம். வந்தேன்னா வாங்கிக்க." மறுநாள் வந்தாள். தெருவே வாங்கியது.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கூடையை இறக்கியதும் யாராவது ஒரு காயைப் பொறுக்கி அவள் கையில் கொடுப்பார்கள். அவள் தின்று காட்ட வேண்டும். அப்புறம்தான் வியாபாரம். கத்திரிக்காயாக இருந்தால் புழு துளைத்ததாகப் பார்த்துப் பொறுக்குவோம். புழு தின்று சாகாததை நாம் தின்னலாம் என்று கணக்கு. மற்ற ஊர்ச் சந்தைகளில் சொத்தையைக் கழித்துப் போடுவார்கள், எங்கள் தெருவில் சொத்தைக்குச் சண்டை நடந்தது.

எல்லாரும் ஒரே காரணத்துக்காக வாங்கினோம் என்று நினைக்க வேண்டாம். கோயம்புத்தூர் அம்மாள் பிள்ளைகளுக்காக வாங்கினார். தெலுங்குக்கார அம்மாளின் கணவருக்கு வயிற்றுப் புண். மலையாளத்து அம்மாள், ஊரில் தன் வீட்டுப் பின்புறத்தில் விளைந்ததன் ருசி இதில் இருக்கிறது என்பார். பின்வீட்டு இந்திக்கார அம்மாள், மற்ற எல்லாரும் வாங்குகிறார்களே என்பதற்காக வாங்கினார் என்பது என் சந்தேகம். நான் வயிற்றில் அடுத்து வரப்போகும் பிள்ளைக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யில்லை.

ஆனால் முழு உண்மையும் அதில்லை. இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, எல்லாரும் போன பிறகு என் வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, எப்பப் பாரு மூஞ்சிய தொங்கப் போட்டுகினே கீற? வூட்டுக்காரு அடிக்கிறாரா?"

"ஐயோ, இல்லக்கா."

"பின்ன? கொயந்த குட்டி?"

"ஒண்ணு வந்துது. போயிடுச்சு."

"எப்டி பூட்ச்சி? சொல்லு."

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வருத்தப்பட்டார்கள், கடவுள் மறுபடி கொடுப்பார் என்றார்கள், பேச்சை மாற்றினார்கள். எப்படிப் போயிற்று என்று கேட்டு, கேட்ட பிறகு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். வலி வந்தது, செங்கல்பட்டுக்குப் போகும் பஸ்ஸில் எதிர் சீட்டுக் கம்பியை நான் பிடித்துக்கொண்டு போனது, பையன்தான் என்று நர்ஸ் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டாள். கடைசியில், மற்றவர்களைப் போல அழாதே என்று சொல்லவில்லை. "நல்லா அய்து முட்ச்சிடு, நாளிக்கி வரேன்" என்றாள்.

அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டது. காலை பஸ் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். வீட்டில் காய் மிச்சம் இருந்தாலும் வாங்குவேன். வாங்கினால்தானே உட்காருவாள். என் கணவருக்கு வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, வெண்டைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய் மோர்க்குழம்பு. அந்த மனிதர் பாவம், அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

அவள் கதையையும் சொல்வாள். புருஷன் மெட்ராஸுக்கு மூட்டை தூக்கப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டானாம். "பூட்டான், சனியன் தொலஞ்சிது" என்று சிரிப்பாள். பிள்ளை கிடையாது. மாமனார் வைத்துவிட்டுப் போன கொல்லை ஒன்று, கிணற்றோடு. கொழுந்தன் அதன் மேல் கண்ணாகவே இருக்கிறான். அந்தக் கொல்லையில்தான் எருப் போட்டு விளைவிக்கிறாள். வீட்டுக்குப் போனால் பேசுவதற்கு ஒரு நாய்கூட இல்லை என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தை மாதம் நான் மறுபடி உண்டாகியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம். அவள் கூடையை இறக்கியதும் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கன்னத்தைத் தட்டினாள்.

சில நாளில் எனக்கு மட்டும் தனி முடிச்சு வர ஆரம்பித்தது. பழம்புடவைத் துண்டை நனைத்து, அதில் ஒரு கை வெண்டைக்காயும் கொஞ்சம் கீரையும் கட்டி, கூடையின் அடியில் வைத்திருப்பாள். எல்லாரும் போனதும் எடுத்துத் தருவாள்.

"இது எதுக்குக்கா தனியா?"

"இளசும்மா. உனுக்குன்னு பறிச்சது. பெரிய ஜமீன்தாரிணி நீ, எல்லாரோடயும் கூடைல கைய உட்டுப் பொறுக்குவியா?"

என் அம்மா கட்டிக் கொடுத்தது போல அந்த முடிச்சை வாங்கிக்கொள்வேன். உள்ளே போய் அவிழ்க்கும்போது ஈரத் துணியில் மண் வாசனை வரும். மருந்து வாடை துளிகூட இராது. மூன்றாவது மாதம் தாண்டியது, நான்காவது தாண்டியது. ஐந்தாவதில் தினமும் செத்துச் செத்துப் பிழைத்தேன். அதுவும் தாண்டியது. உள்ளே அது ஒரு நாள் உதைத்ததை முதலில் அவளிடம்தான் சொன்னேன். அதைச் சொல்வதற்கு வேறு யார் இருந்தார்கள்?

ஆனி மாதத்தில் ஒரு காலை. வழக்கம்போல் தெருவே கூடையைச் சுற்றி நின்றது. கோயம்புத்தூர் அம்மாள் ஒரு வெண்டைக்காயைப் பொறுக்கிக் கொடுக்க, அவளும் கடித்துத் தின்று காட்டினாள். அவள் மெல்லுவதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் ஊறியது. ஜென்மத்தில் பிடிக்காத வெண்டைக்காயைப் பச்சையாகத் தின்ன வேண்டும் போலிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைக்குக் கேள்வி ஏது? குனிந்து கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன்.

பளீரென்று என் கையில் ஓர் அடி. காய் தெறித்துப் போய் விழுந்தது.

"அது உனுக்கு இல்ல!" என்று அவள் கத்தினாள். "துப்பு! துப்பு சொல்றேன்! வயித்துல வெச்சிகினு..."

நான் துப்பினேன். என் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தாள்.

பிறகு கோயம்புத்தூர் அம்மாள் மெதுவாகக் கேட்டார். "அவங்களுக்கு இல்லீன்னா, அப்புறம் எங்களுக்குங்களா?"

அவள் எதிர்த்துப் பேசியிருக்கலாம். சமாளிக்க ஆயிரம் வழி அந்த வாய்க்குத் தெரியும். கழுவாததும்மா, மண்ணு, என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வாயைத் துடைத்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள். யாரோ ஒருவர் காய்களை அவள் முதுகில் விட்டெறிந்தார். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். முடிச்சு கூடையின் அடியிலேயே போய்விட்டது.

அவள் செய்தது தப்பு. இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. கோயம்புத்தூர் அம்மாளின் பிள்ளைகள் என்ன பாவம் செய்தன? ஆனால் அன்று ராத்திரி படுத்துக்கொண்டு நான் நினைத்தது அந்தப் பிள்ளைகளைப் பற்றி இல்லை. நாளைக்குக் காலையில் பஸ் வரும், அவள் இறங்கமாட்டாள். அதைத்தான் நினைத்தேன்.

அதோடு விட்டதா? என்னையும் சேர்த்துத்தான் கழித்துக் கட்டினார்கள். "உங்களுக்கு நல்லது தனியா வந்துச்சு, எங்களுக்கு விஷம். தெரிஞ்சுதானுங்களே இருந்தீங்க?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். தெரியாது என்றேன். யார் நம்புவார்கள்? வெண்டைக்காயைப் போல உண்மையைப் பச்சையாக மென்று காட்டவா முடியும்? நான் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடி காலியாகிவிடும். ஏதோ கூடையைச் சுற்றியாவது ஒரு தெருவாக இருந்தது. இப்போது அதுவும் போய், வயிற்றில் இருப்பதோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

வளைகாப்புக்கு ஊருக்குப் போவதற்கு முன்னால், கணவர் காலை ஷிப்டுக்குப் போனதும், ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு தனியாகத் திருக்கழுக்குன்றத்துக்குப் பஸ் ஏறினேன். கோபமா ஆசையா, எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மலைக்கோயிலில் கழுகு பார்க்க வந்த கூட்டத்தோடு இறங்கிச் சந்தைப் பக்கம் போனேன். ஓரமாகச் சாக்கை விரித்து, வெண்டைக்காயும் கத்திரிக்காயும் கூறு கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்திரிக்காய் ஒவ்வொன்றும் பளபளவென்று, ஒரு சொத்தை இல்லாமல்.

என்னைப் பார்த்தாள். முதலில் வயிற்றைப் பார்த்தாள், அப்புறம் முகத்தை.

"எதுக்கு வந்த? என் பொயப்புல மண்ண போட்டது பத்தலியா?"

"நீங்கதான் என் கையில அடிச்சீங்க."

"பின்ன, கொஞ்சுவாங்களா? குந்து." சாக்கில் இடம் ஒதுக்கினாள். உட்கார்ந்தேன். "வயித்துல ஒத கீதா?"

"கீது" என்றேன், அவள் மாதிரியே. அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம்தான் சொன்னாள். தை பிறந்ததும் கொழுந்தன் கொல்லையைப் பிடுங்கிக்கொண்டு சவுக்கு வைத்துவிட்டானாம். அதிலிருந்து இந்தச் சந்தையில் சொத்தையாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கித்தான் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். குடிசைக்குப் பின்னால் குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் நாலைந்து வெண்டைச் செடி, கொஞ்சம் கீரை. அதுதான் என் முடிச்சு.

"கொல்லை போயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமேக்கா. எல்லாரையும் ஏமாத்தணுமா?"

"ஊரே இத்தத்தான் துன்னுது. நானுந்தான் உங்க எதிருல துன்னேன், செத்தா பூட்டேன்?" என்று சீறினாள். பிறகு குரல் இறங்கியது. "கொல்ல பூட்ச்சின்னா, அப்பால நான் இன்னா சொல்லிக்கினு ஒன் வூட்டு வாசப்படில வந்து குந்துறது?"

நான் அவளை உட்கார வைக்கக் காய் வாங்கினேன். அவள் வந்து உட்காருவதற்குக் காய் கொண்டுவந்தாள். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மூக்கைத் துடைத்துக்கொண்டு பையைத்தான் நீட்டினேன்.

"வெண்டைக்காய் ரெண்டு கூறு போடுங்க."

"மாட்டேன்."

"காசு கொடுத்துத்தான் வாங்குறேன்."

"உனுக்கு விக்கமாட்டேன். அடிச்ச மருந்து இன்னும் காயல. அவசரம்னா வேற எவளாண்டயாவது போயி வாங்கிக்க, நான் தரமாட்டேன்."

"வீட்டுச் செடி?"

"நீ இல்லாத எதுக்கு தண்ணி ஊத்துறது? மாடு துன்ட்டுது."

பஸ் வந்தபோது கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, ஜன்னல் வழியாகத் தோள் துண்டை வீசி எனக்கு இடம் பிடித்தாள். "குலுக்கல்ல கம்பிய கெட்டியா புட்ச்சிக்க" என்றாள். செங்கல்பட்டு பஸ்ஸில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லி எத்தனை மாதம் ஆகியிருந்தது! வண்டி கிளம்பிய பிறகுதான் துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கணவர் வந்தார். கூடத்தில் கிடந்த பையை எடுத்து உள்ளே பார்த்தார்.

"சந்தைக்குப் போனியா? ஒண்ணும் வாங்கலையா?"

"எனக்கு விக்கமாட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக, "யாரு? என்ன ஆச்சு? சொல்லு" என்று கேட்டார்.